எண்ணிமப் பண்பாட்டுச் சேகரங்களில் மக்கள் பங்கேற்பு: ஒரு சுருக்க வரலாறு

நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் அருங்காட்சியகங்களும் தம்மிடமுள்ள நூல்களையும் ஒளிப்படங்களையும் ஏடுகளையும் மின்வருடி இணையத்தில் வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அப்படி வைத்தவுடன் 'சேகரம் திறக்கப்பட்டது' என்று செய்தி வருகிறது. பார்ப்பதற்குத் திறப்பது ஒன்று, கைவைப்பதற்குத் திறப்பது வேறு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைக் கணினித் திரைக்குள் வைத்துவிட்டால் பார்வையாளர் எண்ணிக்கை பெருகும். ஆனால் படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்த ஒருவர் அதைச் சொல்ல வழியில்லை என்றால், அந்தப் படம் முன்பு எவ்வளவு ஊமையாக இருந்ததோ அவ்வளவு ஊமையாகவே இருக்கும்.

இக்கட்டுரை இரண்டாவது வகைத் திறப்பைப் பற்றியது. பொதுமக்கள் பிழை திருத்தவும், பெயர் சொல்லவும், தம் வீட்டிலிருப்பதைச் சேர்க்கவும் இடம் கொடுத்த சில முயற்சிகளை இங்கே காண்போம். ஒவ்வொன்றையும் அளக்க நான் ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன்: வாசகர் சொன்னது நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறியதா? ஏறியிருந்தால் அது பங்கேற்பு. ஏறாவிட்டால் அது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதைப் போன்றது.

கணினிக்கு முன்னும் பின்னும்

ஒரு நூலைப் பலர் கைசேர்த்துக் காப்பாற்றுவது கணினி கொண்டுவந்த வழக்கம் இல்லை. ஓலைச்சுவடிகள் அழியாமல் வந்ததே தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பார்த்துப் படியெடுத்ததால்தான். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து, பல வீடுகளிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தை முடிவு செய்தார். ஏடு கொடுத்தவர்களை நன்றியோடு குறிப்பிடவும் செய்தார். பங்களித்தவர் பெயர் நூலோடு சேர்ந்தே பயணம் செய்வது என்ற அந்த மரபை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

கணினியில் இப்பணியின் தொடக்கம் 1971 ஜூலை 4. அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் அந்நாட்டு விடுதலைச் சாற்றுரையைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினார். குட்டன்பர்க் திட்டம் என்ற மின்னூல் முயற்சி அப்படித்தான் பிறந்தது. பல ஆண்டுகள் அது மெதுவாகவே நகர்ந்தது. ஒரு முழு நூலை ஒருவரே தட்டச்சு செய்து, அவரே மெய்ப்பும் பார்ப்பது என்றால் எத்தனை பேர் முன்வருவார்கள்? 2000ஆம் ஆண்டில் சார்லஸ் பிராங்க்ஸ் தொடங்கிய 'பகிர்ந்த மெய்ப்புப் பணி' இந்த முடிச்சை அவிழ்த்தது. நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒரு பக்கத்தை ஒருவருக்குக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பார்த்தால் போதும். அதே பக்கத்தை அடுத்த சுற்றில் இன்னொருவர் பார்ப்பார். எளிய யோசனை. பிற்காலத்தில் வந்த பெரும்பாலான முயற்சிகளுக்கு இதுவே அச்சு.

தெரியாமலே பங்கேற்றவர்களும் உண்டு. 2007இல் வந்த ரீகேப்சா என்ற மனிதர்-சோதனையில், கோணலான இரண்டு சொற்களைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள் அல்லவா? அவற்றில் ஒன்று கணினியால் படிக்க முடியாத பழைய அச்சுச் சொல். நியூயார்க் டைம்ஸ் இதழின் பழைய பக்கங்கள் இப்படிப் படிக்கப்பட்டன. மின்னஞ்சல் கணக்குத் திறக்க வந்தவர் நூறாண்டுக்கு முந்தைய செய்தித்தாளுக்கு மெய்ப்பு பார்த்துவிட்டுப் போனார். வேலை நடந்தது என்னவோ உண்மை. ஆனால் கேட்காமல் வாங்கிய உழைப்பைப் பங்கேற்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2008: இரண்டு துணிச்சல்கள்

2008ஆம் ஆண்டில் உலகின் இரு பெரிய நூலகங்கள் சில மாத இடைவெளியில் கதவைத் திறந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஜனவரி 16 அன்று பிளிக்கர் என்ற ஒளிப்படத் தளத்தில் சுமார் 3,100 படங்களை வைத்தது. ஒரு பகுதி, 1910களில் பெய்ன் என்ற செய்தி நிறுவனம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். மற்றொரு பகுதி, 1930களின் இறுதியிலும் 1940களிலும் எடுக்கப்பட்ட வண்ணப் படங்கள். பெய்ன் படங்களின் குறிப்பு என்பது பெரும்பாலும் கண்ணாடித் தகட்டில் கிறுக்கப்பட்ட ஒரு பெயர், சிலவற்றில் ஒரு தேதி, அவ்வளவுதான். யார், எந்த ஊர், என்ன நிகழ்ச்சி என்பது நூலகத்துக்கே தெரியாது.

நூலகர்களுக்கு அச்சம் இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளையடித்த மறுநாளே கரிக்கட்டையைத் தேடும் கைகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நடந்தது என்ன? அவ்வாண்டு அக்டோபரில் நூலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்குள் 4,615ஆகப் பெருகியிருந்த படங்களை ஒரு கோடி முறைக்கு மேல் மக்கள் பார்த்திருந்தனர். 67,176 குறிச்சொற்களும் 7,166 கருத்துகளும் சேர்ந்திருந்தன. தகாதவை என்று நீக்க நேர்ந்தவை 25க்கும் குறைவு.

என் கேள்விக்கு விடை அந்த அறிக்கையின் வேறொரு எண்ணில் இருக்கிறது. மக்கள் சொன்ன தகவலைச் சரிபார்த்து, 500க்கும் மேற்பட்ட படங்களுக்கு நூலகம் தன் சொந்தப் பட்டியலையே திருத்தியது. படத்தில் இருக்கும் குத்துச்சண்டை வீரர் யார், கப்பல் எந்தக் கப்பல் என்று பழைய செய்தித்தாள்களைத் தேடி ஆதாரத்தோடு சொன்னவர்கள் சாதாரண வாசகர்கள். சொன்னதும் அப்படியே ஏற்கவில்லை. நூலகர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பட்டியலில் ஏறியது. அது தாமதம்தான். ஆனாலும் ஏறியது.

அதே ஆண்டின் நடுவில் ஆஸ்திரேலிய தேசிய நூலகம் செய்தது இதைவிடத் துணிச்சலானது. மாநில நூலகங்களோடு சேர்ந்து அது பழைய செய்தித்தாள்களை மின்வருடிக்கொண்டிருந்தது. அந்நாட்டின் முதல் செய்தித்தாளான சிட்னி கெசட் 1803 மார்ச் 5இல் வந்தது. அதிலிருந்து, பெரும்பாலும் 1954 வரையான இதழ்கள் சேர்க்கப்பட்டன. அந்த ஆண்டில் ஏன் நின்றார்கள் என்றால், அதற்குப் பிறகு பதிப்புரிமைச் சிக்கல்.

படத்தை உரையாக மாற்றுவது எழுத்துணரி என்ற மென்பொருள். பழைய தாள், மங்கிய மை, நுண்படச் சுருளிலிருந்து எடுத்த படம் என்றால் அது தடுமாறும். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றால் அதை 'எம்' என்று படித்துவிடும். 'மாடர்ன்' என்பது 'மோடம்' ஆகிவிடும். பழைய அச்சில் 'எஸ்' எழுத்து நீண்டு 'எஃப்' போலத் தோன்றும். அங்கே குழப்பம் இன்னும் அதிகம். இதில் பாதிக்கப்படுவது அழகு மட்டும் இல்லை. உங்கள் கொள்ளுத்தாத்தா வந்திறங்கிய கப்பலின் பெயர் ஓர் எழுத்து பிறழ்ந்திருந்தால், தேடலில் அது வரவே வராது. தாள் இருக்கிறது, படம் இருக்கிறது, ஆனால் அது இல்லாததற்குச் சமம்.

நூலகம் செய்த ஏற்பாடு இது. திரையின் ஒரு பக்கம் செய்தித்தாளின் படம், மறுபக்கம் எழுத்துணரி படித்த உரை வரிவரியாக. எவர் வேண்டுமானாலும் ஒரு வரியைத் திருத்தலாம். பெயர் பதிவு செய்யக்கூடக் கட்டாயம் இல்லை. திருத்தியது உடனே தேடலுக்கு வந்துவிடும். முன்கூட்டியே சரிபார்க்கும் அலுவலர் எவரும் இல்லை. பழைய உரையும் அழிக்கப்படாமல் இருக்கும். விளம்பரம் எதுவும் இல்லாமல் சோதனை முறையில் திறந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் மக்கள் திருத்தியவை இருபது இலட்சம் வரிகளுக்கு மேல். வேண்டுமென்றே கெடுத்த திருத்தம் என்று ஒன்றும் தென்படவில்லை என்று அப்போது அப்பணியை நடத்திய ரோஸ் ஹாலி 2009இல் எழுதிய அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். அந்த அறிக்கையைக் கற்பித்தல் பயிற்சிக் கல்லூரிகளில் படிக்கக் கொடுக்கலாம். மாணவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது பற்றி எந்தப் பாடநூலும் சொல்லாத விஷயம் அதில் இருக்கிறது.

யார் இந்தத் திருத்துநர்கள்? பெரும் பகுதி குடும்ப வரலாறு தேடி வந்தவர்கள். தம் பாட்டனின் மரண அறிவித்தலைத் திருத்த வந்தவர், அதே பத்தியில் இருக்கும் மற்றவர்களின் அறிவித்தல்களையும் திருத்திவிட்டுப் போனார். சிலர் அங்கேயே தங்கிவிட்டனர். தனியொருவராகப் பத்து இலட்சம் வரிகளைத் தாண்டியவர்களும் உண்டு. 2009 இறுதியில் இச்சேவை 'ட்ரோவ்' என்ற பெயரில் பெரிய தேடுதளத்தின் பகுதியாயிற்று. என் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண். வாசகர் எழுதியதும் பதிவேடும் இங்கே வெவ்வேறாக இல்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2010இல் தொடங்கிய திட்டத்தில், மெய்யியலாளர் ஜெரமி பெந்தாமின் கையெழுத்துப் படிகளை மக்கள் படித்துத் தட்டச்சு செய்தனர். அக்கல்லூரியிடம் இருப்பவை சுமார் 60,000 தாள்கள். பெந்தாமின் கையெழுத்து வயதாக ஆக மோசமாகிக்கொண்டே போனது என்பதால், இங்கே பணியாளர் ஒருவர் பார்த்த பிறகே ஒரு தாள் முடிந்ததாகக் கொள்வார்கள். இது நியாயமே. மாறாக, படங்களுக்குக் குறிச்சொல் இடும்படி மக்களைக் கேட்ட அமெரிக்க அருங்காட்சியகங்களின் கூட்டு ஆய்வொன்றில், மக்கள் தந்த சொற்களில் 86 விழுக்காடு அருங்காட்சியகக் குறிப்புகளில் இல்லாதவை என்று தெரியவந்தது. வல்லுநர் 'நிலக்காட்சி' என்று எழுதிய இடத்தில் பார்வையாளர் 'மரம்', 'மேகம்' என்று எழுதுகிறார்; தேடுபவரும் அப்படித்தானே தேடுவார்?

பெயரற்ற முகங்கள்

இதுவரை சொன்னவற்றில் பிழைபட்டது எழுத்து. கனடாவில் பிழைபட்டது மனிதர்களின் அடையாளமே.

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களை இருபதாம் நூற்றாண்டில் அரசு அலுவலர்களும் பயணிகளும் ஆயிரக்கணக்கில் படமெடுத்தனர். அப்படங்கள் தலைநகர் ஒட்டாவாவில் உள்ள தேசிய நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. படமெடுத்தவர் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், ஆண்டு இருக்கும். படத்தில் இருப்பவரோ வெறும் 'எஸ்கிமோ பெண்', 'எஸ்கிமோ சிறுவன்'. அம்மக்களின் பெயர்கள் அலுவலர் வாயில் நுழையவில்லை என்பதால் 1940களில் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வட்டத் தகடு ஒன்றைக் கொடுத்தது அரசு. 1970களின் தொடக்கம் வரை அந்த எண்ணே அரசு ஏட்டில் அவர்கள் பெயர். ஆகவே படத்தில் பெயரில்லாதது மறதியால் நேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

1999 ஏப்ரல் 1 அன்று இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் தனி ஆட்சிப்பகுதி ஆயிற்று. அதையடுத்த ஆண்டுகளில் 'பெயரிடல் திட்டம்' தொடங்கியது. ஒட்டாவாவில் இனுயிட் இளைஞர் பயிலும் நுனாவுட் சிவுனிக்சாவுட் என்ற கல்வி நிலையம், நுனாவுட் அரசு, ஆவணக் காப்பகம் ஆகிய மூன்றும் சேர்ந்த முயற்சி அது. ரிச்சர்ட் ஹாரிங்டன் என்ற ஒளிப்படக்காரர் எடுத்த சில நூறு படங்கள் முதலில் மின்வருடப்பட்டன. அந்த மாணவர்கள் மடிக்கணினியில் படங்களை ஏற்றிக்கொண்டு தம் ஊர்களுக்குப் போய், முதியவர்கள் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அப்போது அவ்வூர்களில் இணையம் நம்பத்தக்கதாக இல்லை. முதியவர் பலருக்குத் தெரிந்தது இனுக்டிடுட் மொழி மட்டுமே. ஆகவே இளைஞர்தாம் பாலம்.

படங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அடையாளம் காணப்பட்டனர். சில முதியவர்கள் தம் இளமை முகத்தையே முதன்முறையாகக் கண்டனர். சிலர் எப்போதோ இறந்துபோன பெற்றோரைக் கண்டனர். பெயர்கள் காப்பகத்தின் பதிவில் சேர்க்கப்பட்டன. திட்டத்தின் பக்கங்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, இனுக்டிடுட் ஆகிய மூன்று மொழிகளிலும் வந்தன. 2015இல் இது கனடாவின் பிற முதற்குடி மக்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இத்திட்டத்தை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செய்தித்தாளின் பிழையை இந்த ஆண்டு திருத்தாவிட்டால் அடுத்த ஆண்டு திருத்தலாம். 1950இல் எடுத்த படத்தில் இருப்பவரை அடையாளம் காட்டக்கூடியவர் ஒரு குளிர்காலத்தில் இறந்துவிட்டால், அப்பெயரை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

திறப்புக்கு எல்லை வேண்டும் என்பதையும் முதற்குடி மக்களே உலகுக்குச் சொன்னார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலரிடம், இறந்தவரின் படத்தைக் காட்டுவதற்கும் பெயரைச் சொல்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. சில பொருள்களைப் பெண்கள் மட்டும் பார்க்கலாம், சிலவற்றை ஆண்கள் மட்டும். அந்நாட்டின் டெனன்ட் கிரீக் பகுதி வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முக்குர்த்து என்ற மென்பொருள், யார் எதைப் பார்க்கலாம் என்பதை அச்சமூகமே தீர்மானிக்க இடம் தருகிறது. 'எல்லாம் எல்லாருக்கும்' என்ற முழக்கம் கேட்க இனிமையானது. ஒருவர் வீட்டுப் பூசை அறையையும் அது திறந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மஞ்சளாகிப் போன பால்காரி

நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஓவியர் வெர்மீர் வரைந்த 'பால்காரி' என்ற புகழ்பெற்ற ஓவியம் இருக்கிறது. அருங்காட்சியகத்தார் ஒருமுறை இணையத்தில் தேடிப் பார்த்தபோது அதன் தரமற்ற, மஞ்சள் பூத்த நகல்கள் ஆயிரக்கணக்கில் உலவுவதைக் கண்டனர். மக்கள் அந்த மஞ்சள் நகலையே உண்மை என்று நம்பினர். அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான நிற அஞ்சலட்டையைப் பார்த்து இது தவறு என்றார்களாம். நல்ல படத்தைப் பூட்டி வைத்தால் கெட்ட படம் ஊரை ஆளும் என்று அவர்களுக்கு உறைத்தது. 2012இல் சுமார் 1,25,000 படைப்புகளின் தெளிவான படங்களை எவரும் இறக்கிக்கொள்ளவும், வெட்டி ஒட்டிப் புதிதாக எதையும் செய்துகொள்ளவும் இலவசமாக வெளியிட்டனர். படங்களை விற்றுவந்த சிறு வருமானம் போனது. நம் நாட்டுக் கோயில் ஓவியங்களின் நகல்கள் இணையத்தில் எந்த நிறத்தில் கிடைக்கின்றன என்று மாணவர்கள் தேடிப் பார்க்கலாம்.

தமிழில்

தமிழில் இந்த வரலாறு தலைகீழாகத் தொடங்கியது. மேலே சொன்னவற்றில் நிறுவனம் முதலில், மக்கள் பின்பு. இங்கே மக்கள் முதலில் வந்தார்கள். நிறுவனங்கள் பிறகு வந்து சேர்ந்தன.

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்றனர். உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துத் தட்டச்சு செய்தனர். இன்னொருவர் மெய்ப்பு பார்த்தார். அப்போது தமிழுக்கு ஒருங்குறி புழக்கத்தில் இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஒருவர் அடித்தது இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். முதலில் மயிலை எழுத்துரு, பிறகு தகுதரம் என்ற பொதுக் குறியேற்றம், பிறகு ஒருங்குறி என்று ஒரே நூலை மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் இருக்கும். யாரும் எடுத்துப் பரப்பலாம். அந்த முகப்பை மட்டும் நீக்கக்கூடாது. ஏடு தந்தவரை நூலோடு சேர்த்து அனுப்பிய பழைய வழக்கம் மின்கோப்பில் மறுபடி வந்ததைத்தான் முன்பு நினைவில் வைக்கச் சொன்னேன். கூலி இல்லாத வேலையில் பெயராவது நிலைக்க வேண்டாமா?

இலங்கையில் தேவை வேறு. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் என்னவாகும் என்பதை அச்சமூகம் கண்ணால் பார்த்தது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' திட்டம், மதுரைத் திட்டத்தைப் போலவே தட்டச்சில் தொடங்கி, விரைவில் மின்வருடலுக்கு மாறியது. தட்டச்சு செய்து முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். முதலில் பக்கம் பிழைக்கட்டும், உரை பிறகு வரட்டும்.

அங்கே சேர்ந்தவற்றின் பட்டியலைப் பார்த்தால் வேறெந்த நூலகத்திலும் காணாதவை இருக்கும். சிற்றிதழ்கள், ஊர்ச் சங்க வெளியீடுகள், பள்ளி மலர்கள், கோயில் கும்பாபிடேக மலர்கள், நினைவு மலர்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அளவில் அவர் நினைவாக ஒரு சிறு நூல் அச்சிட்டு வழங்குவார்கள். 'கல்வெட்டு' என்றே அதற்குப் பெயர். இறந்தவரின் பிறந்த ஊர், குலமுறை, தொழில், அவர் மீது பாடிய பாக்கள் எல்லாம் அதில் இருக்கும். எந்த நூலகமும் அவற்றை விலைகொடுத்து வாங்கியதில்லை. அலமாரி அடியில், பழைய கல்யாணப் பத்திரிகைகளோடு கிடந்தவை. ஓர் ஊரின் வரலாற்றை எழுத வருபவருக்கு அரசு ஆவணத்தைவிட அவை பயன்படும். அதே சமயம் அவற்றில் உயிரோடிருக்கும் உறவினர் பெயர்களும் உண்டு. முக்குர்த்து கேட்ட கேள்வி இங்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் பூட்டு பெரும்பாலும் பதிப்புரிமைதான். இதில் நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பிறகு அவை பொதுச்சொத்தாயின. அதன் பின்னர், மறைந்த எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் இங்கே நிலைபெற்றது. ஆனால் நாட்டுடைமை ஆனது என்பதற்கும் நாட்டு மக்கள் கைக்கு வந்தது என்பதற்கும் இடையே நெடுங்காலம் வெறும் அரசாணைதான் இருந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் இந்நூல்களை மின்வருடியது. 2010களின் நடுவில் தமிழ் விக்கிப்பீடியர்களோடு சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத உரிமத்தோடு விக்கிமூலத்துக்கு வந்தன. அதே காலத்தில் கூகுளின் எழுத்துணரி தமிழை ஓரளவு நன்றாகப் படிக்கத் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டு மென்பொருள் தன்னார்வலர் எழுதிய கருவி ஒன்றின் துணையால் அந்நூல்களின் பக்கங்கள் உரையாயின.

ஓரளவு என்று சொன்னேன். அச்சில் காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். எழுத்துணரி இரண்டையும் மாற்றிப் படிக்கும். 'ஔ' என்ற ஓரெழுத்தை 'ஒ', 'ள' என்று இரண்டாக உடைக்கும். பழைய நூலின் பக்க எண் ௧ என்றிருந்தால் ககரம் என்றும், ௨ என்றிருந்தால் உகரம் என்றும் எழுதிவிடும். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் 'ணை', 'லை', 'னை' போன்றவை யானைத் துதிக்கை வைத்த வடிவில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் கீழே சுழித்திருக்கும். எங்களைப் போல அறுபதைத் தாண்டியவர்கள் அந்த எழுத்திலேயே அகரம் பயின்றோம். கண் தானாகப் படித்துக்கொண்டு போகும். இன்றைய மாணவர் அங்கே ஒரு நொடி நின்று யோசிக்கிறார். அந்த எழுத்தைப் பழக்கத்தால் படிக்கும் கண்கள் ஆண்டுதோறும் குறைகின்றன. கனடாவில் முதியவர்கள் முகங்களுக்குச் செய்ததை இங்கே முதியவர்கள் எழுத்துகளுக்குச் செய்யலாம். ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர் படை ஒன்று இந்த மாநிலத்தில் இருக்கிறது. சிவப்பு மையால் பிழை சுழித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள்!

செலவு யாருடையது

தன்னார்வலர் இலவசமாக உழைப்பதால் எல்லாமே இலவசம் என்று ஆட்சியாளர் எண்ணிவிடுவது உண்டு. ட்ரோவ் தளத்துக்கான நிதி 2023 நடுவோடு முடிந்துவிடும், தளம் மூடப்படலாம் என்ற நிலை வந்தது. பதினைந்து ஆண்டுகள் வரி வரியாகத் திருத்தியவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அந்நாட்டரசு நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கி, அதன் பிறகும் ஆண்டுதோறும் நிதி தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரித்தானிய நூலகம் கணினித் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேகரங்கள் மாதக்கணக்கில் கிடைக்காமல் போயின. நெருப்பு மட்டும்தான் நூலகத்தை மூடும் என்பதில்லை.

மாணவர்கள் இப்பணியில் இறங்க விரும்பினால் விக்கிமூலத்தில் தொடங்குவது எளிது. ஒரு நூலைத் திறந்தால் ஒரு பக்கம் அச்சுப் படம், மறுபக்கம் எழுத்துணரி தந்த உரை. எவரும் பார்க்காத பக்கத்தின் எண் சிவப்பாக இருக்கும். ஒருவர் மெய்ப்பு பார்த்துச் சேமித்தால் மஞ்சளாகும். அதை இன்னொருவர் மறுபடி பார்த்து உறுதி செய்தால் பச்சையாகும். ஒரு பக்கத்துக்கு, அச்சின் தரத்தைப் பொறுத்து, பத்து முதல் இருபது நிமிடம் பிடிக்கும். தமிழில் சிவப்புப் பக்கங்கள் மிகப் பல. மஞ்சளில் நிற்பவையும் பல. ஒரு பக்கத்தை மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க மென்பொருள் இடம் தராது, வேறொருவர் வந்துதான் ஆக வேண்டும்.